ஒரு தொகுதிக்கு ஒரு வீடு

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

நமது பாரத நாட்டில் பாராளுமன்றத் தேர்தலை ஜனநாயகத் திருவிழா என்று சொல்வது வழக்கம். திருவிழா என்றால் தோரணம் உண்டு, ஊர்வலம் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, கூட்டத்திற்கும் குறைவிராது. ஆனால் ஒரு போர் முடிந்த கையோடு வருகின்ற தேர்தல் மற்றத் தேர்தல்களைப் போன்றதன்று. ஊரெல்லாம் திருவிழாக் கோலம் பூண்டிருக்க, சில வீடுகளில் மட்டும் அழுகை ஓய்ந்திராது. வெற்றியைப் பற்றி மேடைதோறும் முழங்குவார்கள். அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்களின் வீட்டுத் திண்ணையில் பேச்சே இராது. 1999-ஆம் வருடம் நம் நாட்டில் அப்படி ஒரு தேர்தல் நடந்தது. அப்பொழுது நான் பிறக்கவில்லை. ஆயினும் அதைப் பற்றி எழுத எனக்கும் சிறிது உரிமை உண்டென்று எண்ணுகிறேன். ஏனெனில், அத்தகைய வீடுகளில் ஒன்று என் பெரியம்மாவின் வீடு.

முதலில் அந்த வருடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1999 ஏப்ரல் 17-ஆம் நாள், பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் அவர்களின் அரசு மக்களவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. ஆதரவாக 269 வாக்குகள். எதிராக 270 வாக்குகள். ஒரே ஒரு வாக்கு! மக்களவை கலைக்கப்பட்டது. புதிய தேர்தல் வரும்வரை அதே அரசு காபந்து அரசாக நீடித்தது. அடுத்த மாதமே வட எல்லையிலிருந்து பேரிடி போன்ற செய்தி வந்தது. கார்கில் பகுதியின் மலையுச்சிகளை எதிரிகள் பிடித்துக்கொண்டு, ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் சாலையைக் குறிவைத்து அமர்ந்திருந்தார்கள்.

அந்தச் சிகரங்கள் பல பதினாறாயிரம் அடிக்கும் மேற்பட்டவை. புல்பூண்டு முளைக்காத பாறை. மூச்சு விடுவதற்கே சிரமப்பட வேண்டிய காற்று. உச்சியில் இருப்பவனுக்குக் கீழிருந்து ஏறி வருபவன் தெளிவாகத் தெரிவான். ஏறி வருபவனுக்கோ ஒளிய ஒரு புதர் கூடக் கிடையாது. அந்த மலைகளில்தான் நம் வீரர்கள் இரவு வேளைகளில் கயிறு கட்டி ஏறினார்கள். ஜூன் 13-ஆம் நாள் தோலோலிங் மீட்கப்பட்டது. ஜூலை 4-ஆம் நாள் டைகர் ஹில் மீட்கப்பட்டது. ஜூலை 26-ஆம் நாள் போர் முடிவுற்றது. இதற்காக நம் நாடு கொடுத்த உயிர்கள் 527. காயமுற்றவர்கள் 1,300 பேருக்கும் மேல்.

கண்ணீர் காயுமுன் தேர்தல் வந்துவிட்டது. செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 3 வரை ஐந்து கட்டங்களாக வாக்குப்பதிவு நடந்தது. ஏறத்தாழ 62 கோடி வாக்காளர்களில் நூற்றுக்கு அறுபது பேர் வாக்களித்தனர். அக்டோபர் 13-ஆம் நாள் வாஜ்பாய் அவர்கள் மீண்டும் பிரதமராகப் பதவி ஏற்றார்.

அன்புத் தோழியரே! இனி நான் சொல்லப் போவது அரசியல் அன்று, கணக்கு. சராசரி காண்பது எப்படி என்று நாம் எல்லோரும் கற்றிருக்கிறோம். போரில் வீழ்ந்தவர்கள் 527 பேர். மக்களவைத் தொகுதிகள் 543. வகுத்துப் பாருங்கள், ஒரு தொகுதிக்கு ஒரு வீடு கூட முழுதாக வராது! ஒரு தொகுதியில் அன்று சராசரியாகப் பதினோரு லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். வீரனை இழந்த வீட்டில் எத்தனை வாக்குகள் இருக்கும்? தகப்பனார் ஒன்று, தாயார் ஒன்று, மனைவி ஒன்று என மூன்று இருக்கலாம். பதினோரு லட்சத்தில் மூன்று! இமாசலப் பிரதேசம், இன்றைய உத்தரகாண்ட் போன்ற மலைநாட்டு மாவட்டங்களில் இழப்பு அதிகம் என்பதால் அங்கே கணக்குச் சற்று மாறும். ஆனாலும் நாடு முழுவதும் பார்த்தால் கணக்கு இதுதான்.

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. உயிர் கொடுத்தவர் வந்து வாக்களிக்கப் போவதில்லை. அவர் வீட்டாரின் வாக்குகள் யாரையும் ஜெயிக்க வைக்கவும் போவதில்லை, தோற்கடிக்கவும் போவதில்லை. ஆகவே தேர்தல் காலத்தில் அந்த வீட்டை நாடிப் பலர் வருவார்கள். தேர்தல் முடிந்தபின் வருவதற்கு ஒருவருக்கும் அவசியம் இராது. ‘அவசியம் இல்லாதபோதும் வருகிறவர் யார்?’ என்பதுதான் என் கேள்வி.

என் பெரியம்மாவுக்கு அப்பொழுது இருபத்திரண்டு வயது. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வயிற்றில் குழந்தை இருந்தது. பெரியப்பா ராணுவத்தில் லான்ஸ் நாயக். முந்தைய போர்களில் வீழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் போர்முனைக்கு அருகிலேயே இறுதிக் கடன்கள் செய்யப்பட்டன. கார்கில் போரிலோ வீரர்களின் உடல்கள் தேசியக் கொடி போர்த்தப்பட்ட பெட்டிகளில் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. அப்படித்தான் ஜூலை மாதத்தில் ஒரு நாள் பெரியப்பாவும் வந்து சேர்ந்தார். பள்ளிப் பிள்ளைகள் சாலையின் இருமருங்கிலும் பூக்களோடு நின்றார்கள். அதிகாரிகள் வந்தார்கள்; பல கட்சிக்காரர்களும் வந்தார்கள். ராணுவ வீரர்கள் வானை நோக்கிச் சுட்டு மரியாதை செய்தார்கள். அந்த வெடிச் சத்தத்தில் வயிற்றில் குழந்தை துள்ளியது மட்டும்தான் பெரியம்மாவுக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறதாம். மாலை வைத்தவர்களின் முகங்கள் ஒன்றுகூட நினைவில்லை என்பார்கள்.

ஆகஸ்டு மாதம் வேட்பாளர்களின் வாகனங்கள் ஊருக்குள் வரத் தொடங்கின. ஒரு நாள் காலையில் பெரியப்பாவின் தகப்பனார் கடைத்தெருவுக்குப் போனபோது, சுவரில் ஒட்டியிருந்த தேர்தல் சுவரொட்டியில் தம் மகனின் முகத்தைக் கண்டார். ஒரு வேட்பாளரின் பெரிய படத்துக்குப் பக்கத்தில், ராணுவ உடையில் பெரியப்பாவின் சிறிய படம்! வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அங்கே யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். சுவரொட்டியை நனைத்து, பசை இளகும்வரை காத்திருந்து, மகனின் படத்தை மட்டும் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் காகிதம் இன்றும் பெரியம்மாவின் பெட்டியில் இருக்கிறது. எந்தக் கட்சியின் சுவரொட்டி என்று நான் கேட்டேன். “எந்தக் கட்சியா இருந்தா என்ன கண்ணு? அவர் எல்லாருக்கும்தானே போய் நின்னார்?” என்றார்கள் பெரியம்மா.

இதைப் பற்றி இப்பொழுது தெளிவான அறிவுரை இருக்கிறது. ராணுவ வீரர்களின் படங்களைத் தேர்தல் விளம்பரங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று இந்தியத் தேர்தல் ஆணையம் 2013 டிசம்பரில் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. 2019 மார்ச்சில் அதை மீண்டும் வலியுறுத்தியது. ராணுவம் எந்தக் கட்சிக்கும் சொந்தமன்று. நாடு முழுவதற்கும் சொந்தம் என்பதே அதன் கருத்து. எங்கள் தாத்தா ஒரு வாளித் தண்ணீரால் செய்ததைத்தான் ஆணையம் காகிதத்தில் செய்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

செப்டம்பரில் வாக்குப்பதிவு நாளும் வந்தது. பெரியம்மா போகத் தேவையில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். துக்கத்தில் இருக்கும் பெண், அதுவும் ஏழு மாதக் கர்ப்பிணி. வெளியே வருவது முறையன்று என்று அக்கம்பக்கத்தார் கருதினார்கள். ஆனால் பெரியம்மாவின் மாமியார், “வா, நானும் வரேன்” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்களாம். வாக்குச் சாவடியில் இருவரையும் கண்டதும் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெரியம்மா மறுத்துவிட்டார்கள். “அவர் அந்தப் பனியில காவலுக்கு நின்னார். நான் ஒரு ஓட்டுக்கு நிக்க மாட்டேனா?” என்றார்களாம். யாரோ ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். வரிசை நகர நகர முக்காலியையும் நகர்த்திக்கொண்டே போய்த் தம் முறை வந்தபின் வாக்களித்தார்கள். யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை இன்றுவரை சொன்னதில்லை. சொல்லவும் கூடாது அல்லவா?

தேர்தல் முடிந்தது. சுவரொட்டிகள் மழையில் கரைந்தன. நவம்பரில் என் அண்ணன் பிறந்தான். அதன்பிறகுதான் பெரியம்மாவின் உண்மையான போராட்டம் தொடங்கியது. எதிரி யார் தெரியுமா? ஓர் எழுத்து! பெரியம்மாவின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும், பெரியப்பாவின் படைப்பிரிவுப் பதிவேட்டில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. குழந்தை தகப்பன் இறந்தபின் பிறந்ததால் அவன் பெயரையும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்தில், “இதை அங்கே வாங்கி வாருங்கள்” என்றார்கள். அங்கே போனால், “முதலில் அதை இங்கே கொண்டு வாருங்கள்” என்றார்கள். கைக்குழந்தையோடு ஏறக்குறைய பதினோரு மாதம் அலைந்தார்கள். மாலை வைத்தவர்களுக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

அந்த நாளில் துணைக்கு வந்தவர், பக்கத்து ஊரில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். யாரும் அவரை அழைக்கவில்லை. ஒரு நாள் சைக்கிளில் வந்து இறங்கி, “பேப்பரையெல்லாம் எடும்மா, பார்ப்போம்” என்றார். ராணுவத்தில் திருமணம், குழந்தை பிறப்பு போன்றவற்றைப் பதிவு செய்யும் ஆவணத்திற்குப் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று பெயர்; அது சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று விளக்கினார். பங்குத்தந்தையிடம் திருமணச் சான்று பெற்றார்; பிரமாணப் பத்திரம் எழுதச் செய்தார்; ஆங்கிலத்தில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்; நகல்களை ஒரு மஞ்சள் பையில் வரிசையாக அடுக்கி வைத்தார். காகிதங்கள் ஒழுங்காயின, ஓய்வூதியமும் வந்தது. அவருக்கு அந்த வீட்டில் ஒரு டம்ளர் காப்பியைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. அவசியம் இல்லாதபோதும் வருகிறவர் யார் என்று கேட்டேன் அல்லவா? அவர் ஒருவர்.

இப்பொழுது உதவியைப் பற்றிக் கொஞ்சம் சிந்திப்போம். கார்கிலில் வீழ்ந்த வீரரின் குடும்பத்திற்கு மத்திய அரசு 10 லட்சம் ரூபாய் வழங்கியது. பல குடும்பங்களுக்குப் பெட்ரோல் பங்க், சமையல் எரிவாயு விற்பனை உரிமை ஆகியவையும் தரப்பட்டன. போரில் உயிர் நீத்தவரின் மனைவிக்கு, அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்திற்குச் சமமான தொகை குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கிறது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியமோ அந்த ஊதியத்தில் நூற்றுக்கு முப்பதுதான். போரில் வீழ்ந்தவர் குடும்பங்களுக்குத் தனியாக மேலான ஓய்வூதியம் வகுத்த உத்தரவு, 1971-ஆம் வருடப் போருக்குப் பின் 1972 பிப்ரவரியில் வந்தது. அதே 1972-இல் டாக்டர் மோகினி கிரி அவர்கள் டெல்லியில் போர் விதவைகளுக்கென்றே ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். இவையெல்லாம் போற்றத்தக்கவை.

ஆனால் ஒரு சொல் பெரியம்மாவின் மனத்தை உறுத்தியது. அந்த 10 லட்சம் ரூபாய்க்குக் காகிதத்தில் இருந்த பெயர் ‘கருணைத் தொகை’. “கருணைன்னா இல்லாதவங்களுக்குக் கொடுக்கிறது. நாங்க கேட்டுப் போய் நிக்கலையே. இருந்த ஒருத்தரை நாங்கதானே முதல்ல கொடுத்தோம்?” என்று பெரியம்மா ஒரு முறை கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்திருக்கின்றன. ஊரின் ஆநிரைகளை மீட்கப் போரிட்டு மாண்ட வீரனின் உருவத்தை, வில்லோடும் வாளோடும் கல்லில் செதுக்கி வைத்தார்கள். நம் முன்னோர் கல் நட்டதோடு நின்றுவிடவில்லை. மாண்டவனின் குடும்பத்தார்க்கு நிலம் கொடுத்தார்கள்; அச்செய்தியைக் கல்வெட்டிலும் பொறித்தார்கள். அந்த நிலத்திற்கு என்ன பெயர் தெரியுமா? உதிரப்பட்டி; நெய்த்தோர்பட்டி என்றும் சொல்வார்கள். உதிரம் என்றாலும் நெய்த்தோர் என்றாலும் இரத்தம்தான். ‘இது இரத்தத்திற்கு ஈடாகக் கொடுத்த நிலம்’ என்று அவர்கள் வெளிப்படையாகவே பெயர் வைத்தார்கள். அதில் கருணை என்ற பேச்சே இல்லை. வாங்கியவர் பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். என்னே நம் முன்னோரின் நேர்மை! ஆயிரம் வருடங்களுக்கும் முன் வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த அந்தச் சொல்லை நாம் மறக்கலாமா?

கடன் என்று ஏற்றுக்கொண்டால் இன்னொன்றையும் ஏற்கவேண்டும். கொடுத்தவர் கையில் அதிகாரமும், வாங்கியவர் தலையில் கட்டளையும் இருக்கக் கூடாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். வீரதீர விருது பெற்று மறைந்தவரின் மனைவிக்கு விருதோடு சேர்ந்த மாதாந்திரப் படி வழங்கப்படுகிறது. அவர் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். கணவனின் சகோதரனை மணந்தால் மட்டும் தொடரும் என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. இளம் வயதில் தனியாகிப் போன ஒரு பெண், யாரை மணக்க வேண்டும் என்பதையும் விதியே சொன்னது! 2017 நவம்பரில் அந்த நிபந்தனையை அரசு நீக்கியது. இது பெரிய செய்தியாகப் பேசப்படவில்லை. எந்தத் தேர்தல் மேடையிலும் முழங்கப்படவுமில்லை. ஆனால் சில நூறு பெண்களின் வாழ்வில் ஒரு பூட்டு திறந்தது. 2021-இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். படைவீரருக்கு உள்ள வாக்காளர் பதிவு வசதியை அதற்கு முன் அவருடைய ‘மனைவி’ மட்டுமே பெற முடிந்தது. ராணுவத்தில் பணியாற்றும் பெண்ணின் கணவருக்கு அது கிடையாது. இப்பொழுது இருவருக்கும் பொதுவாகச் சட்டம் மாற்றப்பட்டுவிட்டது. சிறிய சொற்களைத் திருத்துவதும் பெரிய சேவைதான் என்று இவற்றால் அறிகிறோம்.

பெற்றோர்களையும் மறந்துவிடக் கூடாது. நம் தமிழகத்தின் மேஜர் மாரியப்பன் சரவணனைப் பற்றி எல்லோரும் அறிவோம். பீகார் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், 1999 மே 29-ஆம் நாள் பத்தாலிக் பகுதியில் வீரமரணம் எய்தினார். வயது இருபத்தாறு, மணமாகாதவர். அவருடைய உடலைப் பல வாரங்களுக்குப் பின்புதான் மலையிலிருந்து மீட்க முடிந்தது. அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. திருச்சியில் அவருக்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது. மணமாகாத வீரரின் வீட்டில் அந்தத் துக்கம் முழுவதும் பெற்றவர்களைச் சேர்ந்தது. மணமானவர் வீட்டிலோ ஓய்வூதியம் மனைவியின் பெயருக்கு வரும்; அருகில் தாயும் தகப்பனும் இருப்பார்கள். மகனை இழந்தவர்களும் கணவனை இழந்தவளும் ஒரே பணத்தை நடுவில் வைத்துக்கொண்டு மனம் கசந்து பிரிந்த வீடுகள் உண்டு.

பெரியம்மாவின் வீட்டிலும் அந்தப் பேச்சு எழாமல் இல்லை. ஊரார் மாமியாரிடம் ஒன்றும் மருமகளிடம் வேறொன்றும் சொன்னார்கள். பெரியம்மா ஒரு முடிவு செய்தார்கள். ஓய்வூதியம் கைக்கு வந்ததும் மாதந்தோறும் அதில் ஒரு பங்கை எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிடுவார்கள். “எனக்கு ஒன்றரை வருஷம்தான் அவரைத் தெரியும். அவங்களுக்கு இருபத்தாறு வருஷம். கணக்குப் பார்த்தா யாருக்கு அதிகம் போச்சு?” என்பது பெரியம்மாவின் நியாயம். மாமியாரோ அந்தப் பணத்தில் தமக்கென்று எதுவும் வாங்கவில்லை. பேரனைத் தாமே வளர்ப்பதாகச் சொல்லி, மருமகளை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார்கள். அதனால்தான் என் பெரியம்மா இன்று ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார்கள். அந்தப் பாட்டி சில வருடங்களுக்கு முன் இறைவனடி சேர்ந்தார்கள். அவர்கள் இருவரும் ஒருநாளும் சண்டையிட்டதில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் ஒருவரை ஒருவர் கைவிட்டதில்லை.

ஆசிரியை என்பதால் தேர்தல் வரும்போதெல்லாம் பெரியம்மாவுக்கு வாக்குச் சாவடிப் பணி வந்துவிடும். 2024 ஏப்ரல் 19-ஆம் நாள் தமிழகத்தில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோதும் முந்தைய நாளே பெட்டி படுக்கையோடு போய்விட்டார்கள். அன்று பெரியம்மாவுக்குக் கிடைத்த வேலை, வாக்காளரின் விரலில் மை வைப்பது. காலை ஏழு மணி முதல் மாலை வரை நூற்றுக்கணக்கான விரல்கள்! வயதானவர்கள், புதுமணப் பெண்கள், முதன்முதலாக வாக்களிக்க வந்த கல்லூரி மாணவிகள் என எல்லோரும் அவர்கள் முன் கை நீட்டினார்கள். மை வைத்தவர் யார் என்று அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது. பெரியம்மாவும் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும், “முதுகுதான் வலிக்குது, வேற ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

2019 பிப்ரவரி 25-ஆம் நாள் டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. சுதந்திரத்திற்குப் பின் வீழ்ந்த இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கருங்கல்லில், ஒருவருக்கு ஒரு கல் வீதம் பொறிக்கப்பட்டுள்ளன. அண்ணன் டெல்லிக்குச் சென்று, தான் ஒருமுறையும் கண்டிராத தந்தையின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, படம் எடுத்து அனுப்பினான். பெரியம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “பேர்ல எழுத்துப்பிழை இல்லை.”

தோழியரே! நம் பள்ளியில் வருடந்தோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள் அனுசரிக்கிறோம். 1949 முதல் நாடெங்கும் நடந்துவரும் வழக்கம் இது. சிவப்பு, கருநீலம், இளநீலம் ஆகிய மூன்று வண்ணங்கள் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றைக் குறிக்கும். உண்டியல் குலுக்கிப் பணம் சேர்க்கிறோம். அந்தப் பணம் போரில் வீழ்ந்தவர் குடும்பங்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் பயன்படுகிறது. உண்டியலில் காசு போடும்போது ‘பாவம்’ என்று சொல்லிப் போடாதீர்கள். கடன்பட்டவர் தவணை கட்டுவது போலப் போடுங்கள்.

காசு மட்டும் போதாது. நம் ஊர்களில் 1962, 1965, 1971, 1999 ஆகிய வருடங்களின் போர்களில் உறவினரை இழந்த முதியவர்கள் இன்றும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டியிருக்கும். வருடந்தோறும் ஓய்வூதியதாரர் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றுக்காக வங்கிக்கு அழைத்துச் செல்ல ஆள் வேண்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த நம்மால் அது இயலாதா? அந்தச் சுபேதார் ஐயாவிடம் ஒரு சைக்கிளும் ஒரு பேனாவும்தானே இருந்தன!

இன்னும் மூன்று வருடங்களில் நமக்கும் பதினெட்டு வயது நிறையும். நம் விரல்களிலும் மை வைப்பார்கள். ஒரு தொகுதிக்கு ஒரு வீடு கூட இல்லாதவர்களின் குரல் தனியாக ஒலித்தால் கேட்காது. பதினோரு லட்சம் பேரும் அவர்களுக்காகக் கேட்டால்தான் கேட்கும். வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் நாம் ஒரு கேள்வி கேட்போம்: “நம் தொகுதியில் அந்த ஒரு வீடு எங்கே இருக்கிறதென்று தங்களுக்குத் தெரியுமா?” தெரியும் என்று சொல்பவர், அந்த வீட்டிற்கு மாலையோடு ஒரு முறை போனவரா, மாலை இல்லாமல் இரண்டாம் முறையும் போனவரா என்பதையும் கேட்டறிவோம்.

வாழ்க நம் வீரர்கள்! வாழ்க அவர்தம் இல்லங்கள்! வெல்க பாரதம்!